அடையாளம் தெரியாத ஆறாம் பாரம்

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அப்போது டிராம் ஓடிக்கொண்டிருந்தது. சர்க்கரை ரேஷனில் இருந்தது. இப்போது டிராமும் போயிற்று, ரேஷனும் போயிற்று. எனக்கு வந்த எரிச்சல் மட்டும் போகவில்லை. எழுதித் தொலைத்தாலாவது போகிறதா பார்க்கிறேன்.

ராயபுரத்தில், ரயில்வே யார்டுக்குப் பின்புறம் இருந்த பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் படித்தேன். ஜன்னலைத் திறந்தால் கரித்தூள், மூடினால் வேர்வை. வெள்ளைத் தாவணிதான் போட்டு வர வேண்டும் என்று சட்டம் போட்ட புண்ணியவதி யார் என்று தெரியவில்லை. மத்தியானத்துக்குள் இருபத்தொன்பது பேர் தாவணியும் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும்.

பெரிய பரீட்சைக்குப் போகுமுன் எங்களுக்கு ஒரு பிரிவுபசாரம் உண்டு. எல்லாப் பள்ளியிலும் உண்டு. ஐந்தாம் பாரத்துக்காரிகள் காகிதத் தோரணம் கட்டுவார்கள். ஒருத்தி மூக்கால் பாடுவாள். பெரிய டீச்சர் நல்ல பெண்களாக இருக்கச் சொல்வார். சுண்டல், டீ, முடிந்தது. ஆனால் எங்கள் பள்ளியில் மட்டும் கூடுதலாக ஒரு வழக்கம் இருந்தது. வகுப்பில் ஒருத்தி மற்ற எல்லோரையும் பற்றி ஆளுக்கு நாலு வரி எழுதி வாசிக்க வேண்டும். கேலியாகத்தான் எழுத வேண்டும். பெயர் மட்டும் சொல்லக் கூடாது. வாசித்து நிறுத்தியதும் வகுப்பு முழுவதும் சேர்ந்து, அது யார் என்று பெயரைக் கத்த வேண்டும். கத்தினால் எழுதியவளுக்கு வெற்றி. முழித்தால் தோல்வி. தோற்றவள் அன்றைக்கு டீ குடித்த டம்ளர்கள் அத்தனையையும் குழாயடியில் உட்கார்ந்து தேய்க்க வேண்டும்.

நான் மூன்றாம் பாரத்தில் இருந்தபோது இதை ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பார்த்தேன். வாசித்த அக்கா நாலு வரி சொல்லி நிறுத்துவாள். ஒரு நொடி நிசப்தம். அப்புறம் ஒரு பெயர் ஹாலே அதிரும்படி வெடிக்கும். பெயருக்கு உரியவள் முகத்தை மூடிக்கொள்வாள், ஆனால் விரல் இடுக்கு வழியாகச் சிரிப்பாள். அந்த அக்கா சிரிப்பு அடங்கட்டும் என்று நோட்டைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாளே, அந்த நிற்பைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. மூன்று வருஷம் காத்திருந்தேன். நாலாம் பாரத்திலேயே ஒவ்வொருத்தியையும் பற்றிக் குறிப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டேன். இது எனக்கு வந்தே தீர வேண்டும். வந்தால் அந்த ஹால் இருபத்தெட்டு தடவை அதிர வேண்டும். வேறு ஆசை ஒன்றும் அந்த வருஷம் எனக்கு இல்லை. பரீட்சையில் தேறுவதுகூட இரண்டாம் பட்சம்தான்.

வேலையைக் கொடுக்கிற அதிகாரம் எங்கள் லீடரிடம் இருந்தது. போலீஸ் ஏட்டின் மகள். அப்பாவின் நடையும் தோளும் அப்படியே.

"ஏய், உனக்குத்தான் வாய் ஜாஸ்தி. நீயே எழுது" என்றாள். "ஆனா ஒண்ணு. பேஜாரு பண்ணினே, டம்ளர் மட்டும் இல்ல, அண்டாவும் நீதான் தேய்ப்பே."

"ஒரு டம்ளர்கூடத் தேய்க்க மாட்டேன், பாரு" என்றேன்.

ஒரே வாரத்தில் இருபத்தெட்டையும் எழுதி முடித்தேன். தண்டையார்பேட்டை டோல்கேட்டிலிருந்து பள்ளிக்கு நடக்கிற தூரம் முழுவதும் வாய் முணுமுணுத்தபடியே போவேன்; வண்டிக்காரர்கள் திட்டுவார்கள். அந்த இருபத்தெட்டில் நாலைந்தையாவது இங்கே சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது.

லீடரைப் பற்றி எழுதியது: "டீச்சர் இல்லாத பீரியடில் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது இவள் தொழில். ஒரு நாள் வகுப்புக்கே வராத பெண்ணின் பெயரையும் எழுதிவிட்டாள். கேட்டால், வந்திருந்தால் பேசியிருப்பாள் என்றாள்."

காசிமேட்டிலிருந்து ஒருத்தி வந்தாள். அவள் அப்பாவுக்குச் சொந்தப் படகு. அம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவர். அவளைப் பற்றி: "இவள் ரகசியம் சொல்ல வாயைத் திறந்தால் துறைமுகத்தில் நிற்கிற கப்பல் பதிலுக்கு ஊதும். இவளைச் சரித்திரம் வாசிக்கச் சொன்னால் அடுத்த கட்டடத்து இரண்டாம் பாரமும் சேர்ந்து சரித்திரம் படித்துவிடும்."

எண்ணூரிலிருந்து ரயிலில் வருகிறவள் ஒருத்தி. உப்பளத்தில் அவள் நைனா மேஸ்திரி. தினமும் லேட். "மற்றவர்களுக்கு ரயில் ஒரு வண்டி. இவளுக்கு அது வக்கீல். தண்டவாளத்தில் மாடு அடிபட்டுவிட்டது என்று இவள் சொன்னதை எல்லாம் நம்பினால், எண்ணூரில் பால் கறக்க இன்றைக்கு ஒரு மாடுகூட மிஞ்சியிருக்காது. பள்ளிக்கு லீவு விட்ட நாளிலும் வந்தாள். அன்றைக்கும் லேட்."

வண்ணாரப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்யும் ஒருவரின் மகள், நாலு பக்கமும் திரை கட்டிய ரிக்‌ஷாவில் வருவாள். "திரைக்குள் இருப்பவளுக்கு வெளியுலகம் தெரியாது என்று நினைக்காதீர்கள். எந்தக் கடையில் புது வளையல் தொங்குகிறது, எந்த வீட்டு மாடியில் மாமியார் மருமகள் சண்டை, எல்லாம் ஒரு விரல் அகல இடுக்கு வழியாகப் பார்த்து வந்து சொல்லிவிடுவாள். திரை இல்லாமல் நடந்து வருகிற நமக்குத்தான் ஒன்றும் தெரியாது."

அப்புறம் என் பக்கத்தில் உட்காருகிறவள். ரயில்வே குமாஸ்தாவின் பெண். மூன்றாம் பாரத்திலிருந்து வகுப்பில் முதல் மார்க்கை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள். என் நோட்டிலேயே மிகவும் நன்றாக வந்தது அவளைப் பற்றியதுதான்: "பரீட்சை அன்று காலையில், தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று இவள் அழுவாள். நாங்கள் பத்துப் பேர் சூழ்ந்து தேற்றுவோம். தேற்றுகிற மும்முரத்தில் எங்களுக்குத் தெரிந்ததும் மறந்துபோகும். மணி அடித்ததும் இவள் மூக்கைச் சிந்திவிட்டு உட்கார்ந்து முதல் மார்க் எடுப்பாள். மார்க் வந்த அன்று, நூற்றுக்கு இரண்டு குறைந்ததற்காக மறுபடி அழுவாள். இவள் கண்ணீரைக் காய்ச்ச ஆரம்பித்தால் எண்ணூர் உப்பளத்தை மூடிவிடலாம்."

இதை எழுதிவிட்டு நானே சிரித்தேன். இந்த ஒன்றுக்கு ஹால் கூரை தாங்காது என்று நினைத்தேன். வாய் சும்மா இருக்கவில்லை; யாரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று இரண்டொருத்தியிடம் ஜாடையாகச் சொல்லியும் வைத்தேன்.

பிரிவுபசாரத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவள் என்னைப் பாதாம் மரத்தடிக்குத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"என்னை அழுமூஞ்சின்னு எழுதியிருக்கியாமே?"

"அழுமூஞ்சின்னு எழுதலை. உப்பளம்னு எழுதியிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. "அதை எடுத்துடு. தையல் டீச்சர் முன் வரிசையில உட்கார்ந்திருப்பாங்க."

"உட்காரட்டுமே. இத்தனை வருஷமா நாம தைச்சதைப் பார்த்து அழுதாங்க. ஒரு நாளாவது சிரிக்கட்டும்."

"அவங்க சொந்த அக்கா பையனுக்குத்தான் என்னைக் கேட்டிருக்காங்க."

அவள் பாதாம் இலையைக் கிழித்துக்கொண்டே சொன்னாள். "பொண்ணு எப்படின்னு டீச்சர்கிட்டதான் விசாரிக்கிறாங்களாம். தொட்டதுக்கெல்லாம் அழுற பொண்ணு வீட்டுக்கு ஆகாதுன்னு பையனோட அம்மா ஏற்கெனவே ஒரு இடத்தை வேணாம்னு சொல்லிட்டாங்களாம். அதான் எங்கம்மா உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க."

"நீ காலேஜ்ல சேர்ந்து இண்டர் படிக்கணும்னு சொல்லிட்டிருந்தியே?"

"சொல்லிட்டிருந்தேன்" என்றாள். அப்புறம், "எடுத்துடுறியா?"

நான் எடுத்தேன். ஒரு பெண்ணின் கல்யாண விஷயம். என் நாலு வரிக்காக அது கெட்டுப்போனால் அவள் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். அன்றைக்கு மாலையே அந்தப் பக்கத்தை ரப்பர் போட்டு அழித்துவிட்டு, 'கல்வியில் கவனமுள்ளவள், எப்போதும் சிரித்த முகம் உடையவள்' என்று எழுதினேன். எழுதும்போதே பல்லைக் கடித்தேன். சிரித்த முகமாம்! ஒன்று போனால் போகட்டும், இன்னும் இருபத்தேழு இருக்கிறதே என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

அங்கேதான் தப்புச் செய்தேன். மரத்தடியில் நாங்கள் பேசியது எங்கள் வகுப்பில் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. மறுநாள் காலை முதல் பீரியடு முடியும்போது எண்ணூர்க்காரி என் தோளைத் தட்டினாள். அன்றைக்கு மட்டும் எப்படியோ ரயில் சரியான நேரத்துக்கு வந்திருந்தது.

"அவளுக்கு மாத்திட்டியாமே. எனக்கு இன்னாத்துக்கு மாத்த மாட்டே?"

"அவளுக்குக் கல்யாணம்டீ. உனக்கு இன்னா?"

"எனக்கு காண்டக்ட் சர்டிபிகேட். பெரிய டீச்சர் இன்னும் கையெழுத்து போடல. மாடு கதையெல்லாம் நீ மேடையில அவுத்து வுட்டா, 'நடத்தை: சுமார்'னு எழுதிடுவாங்க. அத்த எடுத்துக்கினு போயி எங்க நைனாகிட்ட காட்ட முடியுமா?"

அவள் போன பிறகு திரைவண்டிக்காரி. தாவணி முந்தியில் முடிந்திருந்த நெல்லிக்காயை என் கையில் திணித்தாள். "இடுக்குன்னு ஒரு வார்த்தை வாப்பா காதுல விழுந்துச்சு, அந்த இடுக்கையும் வச்சுத் தைச்சுடுவாங்கடீ. பரீட்சை முடியுற வரைக்கும் நான் அந்த வண்டியிலதான் வரணும். மூச்சு எது வழியா விடறது?"

காசிமேட்டுக்காரி நெல்லிக்காய் எல்லாம் கொண்டு வரவில்லை. நேராக வந்து என் முன்னால் நின்றாள். "நான் கத்தறேன். வாஸ்தவம். எங்கப்பாவும் கத்துவாரு, எங்க தெருவே கத்தும். அலை சத்தத்துல பேசிப் பேசி பழகிடுச்சு. ஆனா நீ படிச்சா இவளுங்க இன்னா சொல்லுவாளுங்க? மீன் விக்கறவ பொண்ணு, கத்தாம இன்னா பண்ணும்னு சொல்லுவாளுங்க. நீ அப்டி நெனச்சு எழுதலன்னு எனக்குத் தெரியும். அவளுங்களுக்குத் தெரியாது."

நிஜமாகவே அந்தக் கோணம் என் மண்டையில் ஏறவே இல்லை. அழித்தேன்.

லீடர் கெஞ்சவும் இல்லை, விளக்கமும் சொல்லவில்லை. "என்னுது மாத்து" என்றாள், போய்விட்டாள்.

அதன் பிறகு வரிசை. இடைவேளையில், பிரேயரில், டிராம் ஸ்டாப்பில். ஒருத்திக்கு அவள் தம்பி நாலாம் வீட்டுப் பையனிடம் சொல்லிவிடுவான் என்று பயம். ஒருத்தி குண்டு என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள், இல்லை என்றேன், அப்படியானால் வேறு எதுவோ மோசமாக இருக்கிறது என்று முடிவு கட்டி அதை அழிக்கச் சொன்னாள். எங்கள் வகுப்புப் பாட்டுக்காரி, மூக்கால் பாடுகிறாள் என்ற வரியை எடுத்துவிட்டு 'ஜலதோஷம்' என்று போடச் சொன்னாள். வேண்டுமானால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: முதல் இரண்டு நாள் எனக்கு அது பிடித்திருந்தது. நான் போகிற இடமெல்லாம் யாராவது பின்னால் வந்தார்கள். புளியங்காய், பென்சில், ஒருத்தி அவள் அக்கா கல்யாணத்து ஜாக்கெட் துணியில் மிஞ்சிய துண்டு. எழுத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று பூரித்துப் போனேன். அவர்கள் மதித்தது என் ரப்பரை.

வெள்ளிக்கிழமைக்குள் இருபத்தெட்டும் மாறிவிட்டன. ஒன்பது பேர் 'அன்பும் அடக்கமும் உடையவள்' ஆகியிருந்தார்கள். ஆறு பேர் 'ஆசிரியர் சொல் தட்டாதவள்.' நல்ல குணங்களுக்கு இவ்வளவு பஞ்சம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. பத்தாவது ஆளுக்குமேல் அகராதியைப் புரட்ட வேண்டியிருந்தது. பிரிவுபசாரத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் சத்தமாக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தேன். அப்பா அப்போதுதான் திருவொற்றியூர் தீப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அங்கே அவர் டைம் கீப்பர். ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு, "யாரும்மா செத்துட்டாங்க?" என்றார்.

அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தும் என்ன செய்திருக்க முடியும்? இருபத்தெட்டுப் பேருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. அங்கங்கே ஒரு சொல்லையாவது குறிப்புக்காக ஒளித்து வைத்திருக்கிறேனே, ஐந்து வருஷம் ஒன்றாக உட்கார்ந்தவர்களுக்கு ஒரு சொல் போதாதா என்று நம்பினேன்.

விழா அன்று எல்லோரும் வீட்டு ரேஷனிலிருந்து ஆளுக்கொரு கரண்டி சர்க்கரையைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தோம். டம்ளரும் அவரவர் வீட்டுப் பித்தளை டம்ளர். ஐந்தாம் பாரத்துக்காரிகள் பச்சைத் தோரணம் கட்டியிருந்தார்கள். முன் வரிசையில் டீச்சர்கள், நடுவில் தையல் டீச்சர். ஜன்னல் கம்பியில் மூன்றாம் பாரத்து வாண்டுகள் தொங்கின. பாட்டு முடிந்தது, பேச்சு முடிந்தது, லீடர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். எழுந்தேன். நோட்டைப் பிரித்தேன்.

"இவள் அன்பானவள். அடக்கமானவள். பிறருக்கு உதவும் குணம் உடையவள். நேரத்தின் அருமையை அறிந்தவள்."

நிறுத்தினேன். நேரம் என்பதுதான் நான் ஒளித்து வைத்த குறிப்பு. எண்ணூர்க்காரி உட்பட யாருக்கும் அது உறைக்கவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "எல்லாருமேதான்!"

சிரிப்பு. என் வரிக்கு இல்லை அந்தச் சிரிப்பு.

அடுத்தது லீடர். 'நேர்மையின் வடிவம். ஒழுங்கைக் கண்போல் காப்பவள்' என்று வாசித்தேன். நாலு பேர் சேர்ந்து, வாசலில் மணி அடிக்கும் ஆயாவின் பெயரைக் கத்தினார்கள். ஆயா கையெடுத்துக் கும்பிட்டார். லீடரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, 'இனிய குரல் உடையவள்.' வகுப்பு ஒரே குரலாகப் பாட்டுக்காரியின் பெயரைக் கத்தியது. காசிமேட்டுக்காரி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, "அது நானுடீ!" என்று அவளையும் மீறிச் சொல்லிவிட்டாள். அதற்குத்தான் ஹால் அதிர்ந்தது. அன்றைக்கு அதிர்ந்ததே அந்த ஒரு தடவைதான்.

அதற்கப்புறம் நான் வாசிக்க வாசிக்கச் சுண்டல் மெல்லும் சத்தம் கேட்டது. ஜன்னலில் தொங்கிய வாண்டுகள் ஒவ்வொன்றாகக் குதித்துப் போய்விட்டன. பத்துக்கு மேல் யாரும் ஊகிக்கக்கூட இல்லை. நான் நிறுத்தினால், "ம், அடுத்தது" என்றார்கள். இருபத்தைந்தாவதாக என் பக்கத்து இடக்காரியை வாசித்தேன். 'கல்வியில் கவனமுள்ளவள். எப்போதும் சிரித்த முகம் உடையவள்.' கல்வி என்றதும் இரண்டு பேர் வாயைத் திறந்தார்கள். சிரித்த முகம் என்றதும் மூடிக்கொண்டார்கள். தையல் டீச்சரே ஆவலாகத் திரும்பி, "யாருடி அது?" என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பெரிய டீச்சர் எழுந்தார். இத்தனை வருஷத்தில் ஒருத்தி மனம்கூட நோகாமல் எழுதப்பட்டது இதுதான் என்றும், வருகிற வருஷம் எழுதுகிறவள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். டீச்சர்கள் கை தட்டினார்கள். அந்தக் கைத்தட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது. ஆயிரம் பேர் 'சீ' என்று சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

லீடர் தீர்ப்புச் சொன்னாள். "டம்ளர்."

குழாயடியில் சாம்பலையும் தேங்காய் நாரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்களுடையது இருபத்தொன்பது, டீச்சர்களுடையது தனி. அண்டாவும் வந்தது, லீடர் சொன்ன சொல் மாறவில்லை. நாலு டம்ளர்கூடத் தேய்த்திருக்க மாட்டேன், எண்ணூர்க்காரி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"மொதல்ல என்னப் பத்தி இன்னா எழுதினே? முழுசா சொல்லு."

"உனக்குத்தான் வேணாமே!"

"அதான் முடிஞ்சிடுச்சே. சர்டிபிகேட்ல கையெழுத்தும் போட்டாங்க. சொல்லுடீ."

கடுப்பாக, தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னேன். ரயில் வக்கீல், மாடு, லீவு நாள். அவள் குழாய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பைக் கேட்டுக் காசிமேட்டுக்காரி வந்தாள். அவளுக்கும் சொன்னேன். கப்பல் ஊதும் என்றதும் என் முதுகில் ஒரு அறை விட்டாள். "அய்யே, இது நல்லாக்கீதுடீ! இரண்டாம் பாரமும் சேர்ந்து படிக்குமா? கலீஜ், இத்தப் போயி அழிச்சியே!" திரைவண்டிக்காரி, வண்டி வந்து வாசலில் காத்திருக்கிறது என்று தெரிந்தும் நின்றாள். லீடர்கூட வந்தாள். கரும்பலகைக் கதையைக் கேட்டுவிட்டு, "ஆமா, வந்திருந்தா அவ பேசியிருப்பாதான்" என்றாள், துளியும் சிரிக்காமல். ஒருத்தி சத்தம் கேட்டு ஒருத்தி என்று பத்துப் பன்னிரண்டு பேர் குழாயைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். நான் வரியைச் சொல்லி முடிக்குமுன்பே பெயரைக் கத்தினார்கள். ஹால் காலியாகிவிட்டது. டீச்சர்கள் போய்விட்டார்கள். நான் மூன்று வருஷம் கனவு கண்ட அத்தனை சத்தமும், சாம்பலும் சளசளப்புமாக இருந்த அந்தக் குழாயடியில், முழங்கை வரை கரியோடு நான் குந்தியிருக்கும்போது வந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒவ்வொரு சிரிப்புக்கும் எரிச்சல் ஒரு படி ஏறியது.

எண்ணூர் ரயிலுக்கு நேரமாயிற்று, வண்டிக்காரன் குரல் கொடுத்தான், டிராம் வந்தது. ஒவ்வொருத்தியாகத் தன் டம்ளரை ஈரத்தோடு எடுத்துக்கொண்டு போனாள். கடைசியில் நானும் பக்கத்து இடக்காரியும்தான். அவள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் தேய்த்ததை வாங்கி அலம்ப ஆரம்பித்தாள்.

"எனக்கு எழுதினதைச் சொல்லலையே" என்றாள்.

சொன்னேன். தேற்றுகிறவர்களுக்கு மறந்துபோவது, மூக்கைச் சிந்துவது, குறைந்த இரண்டு மார்க், உப்பளம். உப்பளத்துக்கு நன்றாகச் சிரித்தாள். அதற்கப்புறம் ஒரு டம்ளரை வெகுநேரம் அலம்பிக்கொண்டே இருந்தாள்.

"இதை அப்படியே படிச்சிருந்தா, தையல் டீச்சர் போய் அவங்க அக்காகிட்ட சொல்லியிருப்பாங்க, இல்லே?"

"சொல்லியிருப்பாங்க. அதுக்குத்தானே அழிச்சேன்."

"அந்த அம்மா வேணாம்னு சொல்லியிருப்பாங்க."

"ஆமா."

"ஜூன் மாசம் நான் இண்டருக்கு மனு போட்டிருப்பேன்."

கையில் இருந்த நாரை அப்படியே போட்டேன். "நீதானேடி மரத்தடிக்குக் கூட்டிக்கிட்டுப் போய் எடுக்கச் சொன்னே! நீயா வந்து கேட்டியா இல்லையா?"

"கேட்டேன். அம்மா கேக்கச் சொன்னாங்க, கேட்டேன்" என்றாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தாவணி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீ எப்போ யார் சொன்னதைக் கேட்டிருக்கே? பெரிய டீச்சர் சொன்னாலே கேக்க மாட்டே. இதையும் நீ கேக்க மாட்டேன்னுதான் நெனச்சேன்."

வாசலில் அவள் அம்மா நின்றுகொண்டு கூப்பிட்டார். அவள் கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஐந்து வருஷமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய எனக்கு அந்த முகத்தைப் பற்றி ஒரு வரிகூடத் தோன்றவில்லை. தன் டம்ளரைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள். நான் அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தேன்.